என் உடம்பு மறந்துபோன அம்மை

ஐம்பத்து மூன்று வயதுவரை என் ரத்தம் பி பாசிட்டிவ். டிராம்பேயில் நான் வேலை பார்த்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் கேட் பாஸில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. இப்போது அது ஓ பாசிட்டிவ். என் தங்கையின் வகை. அவள் தாராவியில் இட்லி மாவு அரைத்து மாட்டுங்காவின் கடைகளுக்கு அனுப்புகிறவள். என் எலும்புகளுக்குள் இன்று ஊறும் ரத்தம் அவள் கொடுத்த அணுக்களிலிருந்து ஊறுவது.

எதையும் நாள் கிழமையோடு சொல்லிப் பழகியவன் நான். செம்பூருக்குக் குடிவந்த நாள், வீட்டுக்கு முதல் ஃப்ரிட்ஜ் வந்த நாள், மோனோ ரயிலில் முதன்முதலாக ஏறிப் பார்த்த நாள் எல்லாம் கேட்டவுடன் சொல்வேன். "உங்க மண்டைய காலண்டரா அடிச்சு மளிகைக் கடையில குடுக்கலாம்" என்பாள் என் மனைவி. இதையும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலை சவரம் செய்யும்போது கழுத்தின் இடப்பக்கத்தில் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை. "நெறி கட்டியிருக்கு போல" என்று மனைவியிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. தாராவிச் சந்துகளில் செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைகள் நாங்கள். பாதத்தில் தகரம் கிழித்தால் மறுநாள் தொடை இடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல் வீங்கினால் தாடைக்கு அடியில் கட்டும். புண் ஆறினால் நெறியும் வாடிவிடும்.

பாதத்துக் காயத்துக்குத் தொடை ஏன் வீங்க வேண்டும் என்று அந்த வயதில் கேட்டதில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தக் குழாய்களிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் நீர் கசிந்து தசைகளுக்கிடையே சேர்கிறது. அது தேங்கி உடம்பு வீங்கிவிடாமல் மிக மெல்லிய குழாய்கள் அதை வாங்கித் திரும்பவும் இதயத்துப் பக்கம் கொண்டு சேர்க்கின்றன. நிணநீர் என்பது அதுதான். ரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பது போல இதைத் தள்ள எதுவும் இல்லை. நாம் நடப்பதும் மூச்சு விடுவதும் கையைக் காலை அசைப்பதுமே அதை நகர்த்துகின்றன. போகும் வழியில், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வயிற்றுக்குள்ளும், மொச்சைக் கொட்டை போன்ற முடிச்சுகள் இருக்கின்றன. எங்கள் ஆலையின் கேட்டில் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து அனுப்புவார்கள். இந்த முடிச்சுகள் செய்வதும் அதையே. வரும் நீரில் கிருமி இருந்தால் அங்கேயே ஆள் திரட்டுகிறார்கள். ஆள் கூடும்போது கேட் வீங்குகிறது. நாங்கள் நெறி என்று சொன்னது அந்தக் கூட்டத்தைத்தான்.

என் கழுத்தில் கூடியது வேறு கூட்டம். புண் இல்லை, கிருமி இல்லை. பொங்கலுக்குள் அக்குளிலும் இரண்டு கட்டிகள். வெள்ளை அணுக்களில் ஒரு இனம் வளர்ந்து முதிராமல், வேலை ஒன்றும் கற்காமல், பெருகிக்கொண்டே போகிறது என்றார்கள். ரத்தப் புற்றுநோய்.

என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண்மணி. மருந்துகளால் நோய் அடங்கும், ஆனால் திரும்ப வரும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். எலும்பு மஜ்ஜையையே மாற்ற வேண்டும். ரத்த அணுக்கள் எல்லாம் பிறக்கிற இடம் அது.

"உங்களுக்குக் கூடப் பொறந்தவா யாராவது இருக்காளா?"

"ஒரே ஒரு தங்கச்சி."

"ஒருத்தர்தானா? சரி. கூடப் பொறந்தவான்னா பொருந்தறதுக்கு நாலுல ஒரு பங்கு சான்ஸ் இருக்கு. பாத்துடலாம்."

நம் ஒவ்வொரு அணுவின் மேலும் 'நான் இந்த வீட்டு ஆள்' என்று சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. காவல்கார அணுக்கள் அதைப் பார்த்துத்தான் யாரை விடுவது, யாரைத் தாக்குவது என்று முடிவு செய்கின்றன. அடையாளம் பொருந்தாதவரின் மஜ்ஜையை ஏற்றினால், வந்த காவலர்கள் வீட்டுக்காரனையே தாக்கிவிடுவார்கள்.

தங்கையிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது விடுமுறையைப் பற்றி. "ஊசிதான? எத்தன நாளு ஆவும்? கிரைண்டருக்கு ஆளு வைக்கணும்லா."

பொருந்தியிருக்கிறது என்று முடிவு வந்த அன்று போனில் சிரித்தாள். "சின்னதுலேருந்து ஒன்கூட ஒண்ணுலயும் ஒத்துப்போனதில்ல. இதுலயாச்சும் ஒத்துப்போச்சே."

மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வர வேண்டும் என்பதற்காக அவளுக்குத் தினமும் ஊசி போட்டார்கள். இடுப்பும் முதுகும் கழன்று விழுவது போல வலித்ததாம். அதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு பகல் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்தாள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், உள்ளே சுழன்று, வேண்டியதைப் பிரித்துவிட்டு மற்றக் கையில் திரும்பி வந்தது.

"நம்ம கிரைண்டர்தான் அண்ணே" என்றாள். "என்ன, அது கலக்கும். இது சுத்துத சுத்துல மாவு வேற, தண்ணி வேறன்னு பிரிச்சிருது."

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மாலை அந்தப் பை என் கட்டிலுக்கு மேலே தொங்கியது. தெளிந்த தக்காளி ரசத்தின் நிறம். பெரிய அறுவை சிகிச்சையை எதிர்பார்த்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த என் மனைவி, "இவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான். வழி அதுகளுக்கே தெரியும்."

அந்த வாக்கியத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கையின் நரம்பில் இறக்கிவிட்ட அணுக்கள், யாரும் காட்டிக்கொடுக்காமல், சுற்றிச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்கின்றன. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறிய எங்கள் ஆட்கள், ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் தாதரில் இறங்கி, தாராவியில் தங்கள் சந்தைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தது போல.

அடுத்த வாரங்கள் கடினமானவை. என் பழைய மஜ்ஜையை மருந்து முன்பே அழித்துவிட்டது. புதியது இன்னும் எழவில்லை. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பூஜ்யம். நம் வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும் கிருமிகளே அப்போது பகையாகிவிடும். தயிர் கிடையாது, பூ கிடையாது, பார்க்க ஆள் கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நான், வெளியே மனைவி.

இது எங்கள் சந்துக்காரர்களுக்குப் புரியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவனை ஊரே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் அறிந்த அன்பு. போகாவிட்டால் அது பகை. ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் ஆப்பிளும் இளநீரும் கோயில் திருநீறுமாக வந்திருக்கிறார்கள். வாசலில் நிறுத்திவிட்டார்கள். வந்ததற்கு முகத்தையாவது காட்டிவிட்டுப் போவோம் என்று எதிர்ப்பக்க நடைபாதையில் வரிசையாக நின்று ஒரு ஜன்னலைப் பார்த்து வெகுநேரம் கையாட்டியிருக்கிறார்கள். அது என் ஜன்னல் இல்லை. என் அறை கட்டடத்தின் மறுபக்கம். அந்த ஜன்னலில் இருந்தவர் யாரோ, அவரும் பதிலுக்குக் கையாட்டினாராம். அண்ணாச்சி தெம்பாக இருக்கிறார் என்று சந்து முழுக்கச் செய்தி போயிற்று. அந்த முகம் தெரியாதவருக்கும் அன்று கொஞ்சம் தெம்பு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிறகு ஒரு காலை டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "கவுண்ட் ஏற ஆரம்பிச்சிடுத்து. உங்க தங்கை வேலைக்கு வந்துட்டா."

அவள் வேலைக்கு வந்தால் சும்மா இருப்பாளா? தை மாதத்தில் என் உள்ளங்கையிலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்தது. புது அணுக்கள் பழைய உடம்போடு லேசாக மோதுகின்றன, அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மனைவி போனைப் போட்டுத் தங்கையிடம் முறையிட்டாள்.

"அங்கன போயும் சண்டையா? எங்க வீட்டுக்காரர விட மாட்டியா நீ?"

"என்ன மைனி, புது வீட்டுக்குப் போனா நாலு சாமான இடம் மாத்தி வைக்காண்டாமா?"

மாத்திரையில் அது அடங்கியது. அடங்கிய பிறகுதான் டாக்டர் எனக்கு இன்னொன்றை விளக்கினார். நம் உடம்பு ஒரு நோயை ஒருமுறை வென்றுவிட்டால் அந்தக் கிருமியின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிற அணுக்களை மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் வைத்திருக்கிறது. பல பத்தாண்டுகள் அவை அங்கேயே இருக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் நோய் எழும்புவதற்குள் முடித்துவிடும். தடுப்பூசியின் வேலையும் அந்த முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பதுதான். என் உடம்பில் அந்த நினைவெல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விட்டது.

"நீங்க இப்போ பொறந்த கொழந்தை மாதிரி. எல்லா ஊசியும் மொதல்லேருந்து போடணும்."

எனக்கு ரோஷம் வந்தது. "தட்டம்மை எனக்கு ஏழு வயசுல வந்தது டாக்டர். ஆடி மாசம், நல்ல மழை. அதே வாரம் தங்கச்சிக்கும். ஒரே பாயில படுத்திருந்தோம்."

"தேதி உங்க தலைக்கு ஞாபகம் இருக்கு. ரத்தத்துக்கு இல்லையே."

"தங்கச்சிக்கும் வந்ததே? அவ அணுக்களுக்கு ஞாபகம் இருக்காதா?"

"கொஞ்சம் ஒட்டிண்டு வரும். ஆனா நிக்காது. அதை நம்பிண்டு இருக்க முடியாது. தட்டம்மை ஊசி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திப் பண்றது. உங்க உடம்பு அதைத் தாங்கணும்னா ரெண்டு வருஷம் நிறையணும். அதுவரைக்கும் கூட்டத்துக்குப் போகாம இருங்கோ."

மற்ற ஊசிகள் அடுத்த வைகாசியில் தொடங்கின. செம்பூரில் ஒரு குழந்தைகள் கிளினிக். பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள், மடியில் கொலுசும் மையுமாகக் குழந்தைகள். நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "பச்சா கிதர் ஹை?" என்று என் மனைவியிடம் குழந்தை எங்கே என்று கேட்டாள். மனைவி என்னைச் சுட்டிக்காட்டினாள். பெஞ்சே சிரித்தது. எனக்குப் பக்கத்து மடியில் இருந்த குழந்தை மட்டும் சிரிக்காமல், நானும் அழப்போகிறேனா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்ததை இங்கே எழுதியாக வேண்டும். இந்தத் தாய்மார்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் வேலையை விட்டு, வெயிலில் பஸ் பிடித்து வந்து பிள்ளைக்குப் போடவைக்கும் ஊசி, தட்டம்மை என் வீட்டு வாசலுக்கு வரும் வழிகளில் ஒன்றை அடைக்கிறது. எனக்கென்று சுவர் இல்லாத அந்த இரண்டு வருடமும் அவர்கள்தான் சுவர். வழியில் யாராவது பெண் கைக்குழந்தையின் தொடையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நடந்து போவதைக் கண்டால் இப்போதும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

இரண்டு வருடம் நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆவணியில் தங்கை மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். மாப்பிள்ளை வீடு கோவண்டி, எங்கள் பக்கத்து ஆட்களே. மண்டபம் தாராவியில்.

எங்கள் குடும்பங்களில் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்து வராமல் பெண் மேடையேறுவதில்லை. அவளுக்கு இருப்பது நான் ஒரே மாமன். முகக்கவசம் போட்டு, கதவோரம் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்று டாக்டர் அரைமனதாக அனுமதித்திருந்தார். தங்கை இதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. சமையல்காரர், ஜவுளி, நாதஸ்வரம் எதைப் பற்றிக் கேட்டாலும், "அதெல்லாம் கெடக்கட்டும், நீ வந்து நின்னாப் போதும்" என்பாள்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு பந்தக்கால் நடுகிறார்கள் என்று நான் டாக்ஸியில் போனேன். சந்து முனையில் இறங்கி நடந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. எங்கள் சந்தில் அதற்கு ஒரே பொருள்: உள்ளே ஒரு பிள்ளைக்கு அம்மை. அம்மை வந்து போனவர்கள் தாராளமாக உள்ளே போகலாம், பிள்ளையைப் பார்க்கலாம், இளநீர் வாங்கிக் கொடுக்கலாம். வராதவர்கள் வாசலோடு திரும்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து அறிந்த சட்டம். என் கணக்கு உடனே ஓடியது. ஏழு வயது, ஆடி மாதம். நான் வந்து போனவன். அந்த வாசலைத் தாண்ட நடந்துகொண்டே இருந்தேன்.

"அண்ணே, நில்லு. அங்கனயே நில்லு. ஒரு எட்டு எடுத்து வைக்காத."

தங்கை மாடிக்குப் போகும் இரும்பு ஏணியின் பாதியில் நின்றுகொண்டிருந்தாள். கை முழங்கைவரை மாவு.

"என்ன? எனக்குத்தான் அம்மை வந்து போயிட்டே."

"அது பழைய ஆளுக்கு வந்தது. ஒனக்கு வரல. திரும்பு."

சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் திரும்பினேன். டாக்ஸிக்காரர் அந்தக் குறுகலில் வண்டியைத் திருப்பி முடிக்காததால் அதே வண்டியில் ஏறினேன். சாயங்காலம் டாக்டர், வீட்டுக்குள் போகவில்லை என்பதால் பயமில்லை, ஆனாலும் காய்ச்சல் வருகிறதா என்று கவனமாகப் பாருங்கள் என்றார். மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். "அந்தச் சந்து மொத்தமும் அந்த மண்டபத்துக்கு வரும். வேண்டாம், ப்ளீஸ்" என்றார். புதன்கிழமைக்குள் இன்னும் இரண்டு வாசல்களில் வேப்பிலை ஏறியது.

வேறு யாரையாவது மாமன் முறையில் நிறுத்திக்கொள் என்று தங்கைக்குப் போன் செய்தேன்.

"எவனையாவது நிறுத்துததுக்கா நான் மூட்டு கழல ஊசி போட்டேன்?"

அவள் தன் வலியைப் பற்றி என்னிடம் சொன்னது அந்த ஒருமுறைதான். பின்னாலிருந்து மருமகளின் குரல் கேட்டது. "மாமா, நீங்க இல்லாம நான் ஸ்டேஜ் ஏற மாட்டேன். கல்யாணம் கேன்சல்னாலும் சலேகா." பரவாயில்லை என்கிறாள்.

"நீ சும்மா கெட" என்று தங்கை அவளை அதட்டினாள்.

அன்று மாலையே அவள் மாப்பிள்ளையின் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, அதில் என்னையும் சேர்த்துக்கொண்டாள். எதற்கென்று எனக்குத் தெரியாது.

"மைனி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்க பக்கத்துல ஒரு மொற உண்டு. முகூர்த்தத்தன்னைக்குப் பொண்ணு தாய்மாமன் வீட்டுல இருந்துதான் பொறப்படணும். மாமன் மாலைய அங்கனயே போட்டு வண்டியில ஏத்தி விட்டுருவாக."

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு முறை எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் முகத்தை அசைக்காமல் இருந்தேன்.

"அப்படியா?" என்றார் அந்த அம்மாள். "நாமளும் நீங்களும் ஒரே தாலுகாதான? எங்க வீடுகள்ல கேள்விப்பட்டதில்லையே."

"ஒரே தாலுகாதான் மைனி. ஆத்துக்கு இந்தக் கரைக்கு ஒரு மொற, அந்தக் கரைக்கு ஒரு மொற."

"எங்க மூத்தவனுக்கு ஒங்க கரையிலதான் பொண்ணு எடுத்தோம். அவங்க மண்டபத்துலதான மாலை போட்டாக."

"அவுக மறந்திருப்பாக. பாம்பேக்கு வந்து எவ்வளவு காலமாச்சு."

அந்த அம்மாள் திரையில் என் முகத்தைப் பார்த்தார். தொப்பி, முகக்கவசத்தின் தடம், இன்னும் முழுதாக வளராத புருவம்.

"அண்ணாச்சிக்கு மேலுக்கு எப்படியிருக்கு?"

"நல்லா இருக்கேன்மா" என்றேன்.

"அப்போ மொறய மாத்தாண்டாம் மைனி. காலையில எத்தன மணிக்குப் பொறப்பாடு? மாப்பிள்ள வீட்டு ஆளு இல்லாம பொண்ணு பொறப்பட்டா நல்லாருக்காது. நானும் எங்க வீட்டுக்காரரும் வாரோம். எங்க ரெண்டு பேருக்கும் சின்னதுலயே அம்மை வந்து போயிட்டு."

எல்லாம் தெரிந்துகொண்டு தெரியாதது போல விட்டுக்கொடுக்கிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. போனை வைத்த பிறகு என் மனைவி, "உங்க தங்கச்சி ஒரு ஆத்தையே உண்டாக்கிட்டா" என்றாள்.

கல்யாணத்தன்று விடியுமுன் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாள் மனைவி. திறந்த வெளிதான் நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். டிராம்பே பக்கமிருந்து கடல் காற்று வந்தது. மாடிப்படியின் உச்சியில் தங்கை பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, "காய்ச்சலா? இருமலா? வீட்டுல யாருக்காச்சும்?" என்று கேட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்து அனுப்பினாள். மாப்பிள்ளையின் அப்பா படியேறிய மூச்சிறைப்பில் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"அத்தான், நீங்க கீழ நில்லுங்க."

"நான் மாப்பிள்ளைக்கு அப்பாம்மா."

"இருக்கட்டும். கீழ நின்னும் அப்பாவா இருக்கலாம்."

அவர் கீழே போய் காரில் சாய்ந்துகொண்டார். அவருடைய மனைவி முகக்கவசத்துக்குள் சிரித்தது தோள்கள் குலுங்கியதில் தெரிந்தது.

மருமகள் வந்து எதிரில் நின்றாள். மாலை கனமாக இருந்தது. இரண்டு வருடங்களில் நான் தொட்ட முதல் பூ. அவள் குனிந்தாள், போட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து தெருவரை நான்கு மாடி இறங்கினோம். லிஃப்ட் இருந்தது. இருவருக்குமே அது வேண்டியிருக்கவில்லை.

"மாமா, உங்க கை சூடா இருக்கு" என்றாள் பாதி வழியில், பயந்துபோய்.

"அது உங்கம்மா" என்றேன்.

அவளைக் காரில் ஏற்றிவிட்டேன். தாலி கட்டுவதை மனைவியோடு போனில்தான் பார்த்தேன். படம் பிடித்த பையன் நாதஸ்வரக்காரரையே வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தான். அவ்வப்போது ஓர் ஓரத்தில் மணமக்களின் மாலைகள் மங்கலாகத் தெரிந்தன. போதுமானதாக இருந்தது.

கார்த்திகையில் எனக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள், பிறகு இன்னொன்று. ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர், "இப்போ உங்க ரத்தத்துக்கும் ஞாபகம் வந்தாச்சு. எங்க வேணா போங்கோ" என்றார்.

நான் முதலில் போனது அடுத்த வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு. அன்று வேப்பிலை செருகியிருந்த அந்த மூன்றாவது வீட்டின் பெண். அதே மண்டபம், அதே நெரிசல். நான் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்று அம்மையில் படுத்திருந்த குழந்தை இப்போது ஓடியாடி வந்து, மூக்கு ஒழுக, என் மடியில் ஏறிக்கொண்டது. நான் இறக்கிவிடவில்லை.

முகூர்த்த நேரம் நெருங்கியும் பெண்ணைக் காணோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"தேவ்நார்ல தாய்மாமன் வீட்டுல இருந்து வந்துக்கிட்டிருக்கு" என்றார். "அங்க மாலை போட்டுத்தான் அனுப்பணும். நம்ம ஆத்தங்கரைப் பக்கத்து மொறல்லா."

"அப்படியா?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? காலங்காலமா உள்ளதாச்சே. செம்பூர்லயே இருந்தா இதெல்லாம் மறந்துதான் போவும்."

அந்த முறை பிறந்த நாளும் நேரமும் அந்த மண்டபத்தில் என்னைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. சொல்லவில்லை. இரண்டு வரிசை தள்ளி வெற்றிலைத் தட்டோடு நின்ற தங்கை எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெரியவர் பக்கம் தட்டை நீட்டி, "எடுத்துக்கிடுங்க மாமா" என்றாள். "எங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."